பெரிய துளை இரட்டைக் குழல் துப்பாக்கி: எந்தக் காலத்தது, எங்கே செய்தது?

ஓட்டைக்காசு:
இங்கிலாந்தில் ஏலத்துக்கு வரும் ரவைத் துப்பாக்கி ஒன்று. குழல் நீளம் 34 அங்குலம், எடை 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாய் விட்டம் 20.3 மி.மீ. வெளியே இரண்டு குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி). விசைக் காப்பின் அடியில் படுத்திருக்கும் நீண்ட நெம்புகோலை வலப்பக்கம் தள்ளினால் குழல் மடிகிறது. குழல் முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி வரி. இரண்டு குழலுக்கும் நடுவே உள்ள பட்டியில் 'லண்டன்' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. ஏலக் குறிப்பில் "10 போர், 1860களின் லண்டன் வேலை" என்று போட்டிருக்கிறார்கள் (போர் என்பது துளை அளவு). நம்பலாமா?

நாரை70:
வாயில் அளந்து போரைச் சொல்வதுதான் முதல் தப்பு. சோக் இருந்தால் வாய் குறுகியிருக்கும். தோட்டா அறைப் பக்கத்து முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே அளக்க வேண்டும், குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் சோதனைச் சாலை அளப்பதும் அங்கேதான். போர் எண் என்பது ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை சம உருண்டை வார்க்கலாம் என்ற கணக்கு. எண் குறையக் குறையத் துளை பெரிது. 10 போர் 19.7 மி.மீ., 8 போர் 21.2 மி.மீ. உள்ளே 21.2 வந்தால் இது 8 போர், வாயில் ஒரு மி.மீ. அளவுக்குச் சோக். 6 கிலோ எடையும் 8 போருக்கே பொருந்தும். தோட்டா அறை நீளத்தையும் பாருங்கள், 8 போரில் வழக்கமாக 3¼ அங்குலம்.

34 அங்குலக் குழல், பின்குறி (குறிபார்க்கக் குழலின் பின்பக்கம் வைக்கும் தகடு) இல்லை என்றால் இது கடலோரச் சேற்றில் வாத்து சுடும் துப்பாக்கி. இலங்கையிலும் இந்தியாவிலும் யானைக்குத் தூக்கிப்போன 8 போர் வேறு ஜாதி: 24-26 அங்குலக் குட்டைக் குழல், மடக்குப் பின்குறி, சோக் கிடையாது.

உளியன்:
காலத்தைச் சொல்வது முத்திரைதான். குழலைக் கழற்றி, தோட்டா அறைக்குக் கீழே இருக்கும் தட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள். திறக்கும் முன் இரண்டு குதிரையையும் பாதி ஏற்றத்தில் நிறுத்துங்கள். இந்த வகையில் குதிரை தானாகப் பின்வாங்காது; தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியை அது அமுக்கியபடியே இருக்க நெம்பினால் ஊசி முனை உடையும். நெம்புகோலைத் திறந்து முதலில் இரண்டு அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு முன்கட்டையின் குறுக்கே உள்ள ஆப்பைத் தள்ளி எடுத்துவிட்டுக் குழலைத் தூக்குங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் சாக்குப் பொடி தடவித் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் ஆகாது.

ஓட்டைக்காசு:
9 அங்குலத்தில் 21.2 வருகிறது. தட்டையில்: கிரீடத்தின் கீழ் குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல், அதன் இடுக்குகளில் பி, பி, சி. அதே செங்கோலோடு வி என்று இன்னொன்று. கிரீடத்தின் கீழ் பின்னிய பி.பி. ஒன்று. டயமண்டுக்குள் 8, அதன் கீழ் சி. பக்கத்தில் 'சோக்' என்ற சொல். எல்லாம் ஒவ்வொரு குழலிலும் ஒரே தடவை.

உளியன்:
அப்படியானால் பர்மிங்ஹாம், 1887-க்கும் 1904-க்கும் நடுவில். செங்கோல் முத்திரைகள் 1904-இல் நின்றன. அதற்குப் பிறகு கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்று தனி எழுத்துகள், புகையில்லா மருந்துக்குச் சோதித்தால் என்.பி. டயமண்டு வந்தது 1887-இல். சோக் குழலில் 1875 முதல் 1887 வரை 'குண்டுக்கு அல்ல' என்ற வாசகம் விழும், அதன் பின்தான் 'சோக்'. குழலில் 9, டயமண்டுக்குள் 8 என்று இருக்கும் துப்பாக்கிகளும் உண்டு. அது பிழையல்ல, 9 துளை, 8 தோட்டா அறை.

தட்டான்:
கீழ் நெம்புகோல் ஹென்றி ஜோன்ஸின் 1859 காப்புரிமை. குதிரை தானாகப் பின்வாங்கும் ஸ்டான்டன் பூட்டு (குதிரையை இயக்கும் பொறி) 1867. இதில் அது இல்லை. அப்போ 1860கள் என்று சொன்னதில் என்ன தப்பு? பழைய துப்பாக்கியைப் பின்னாளில் மறுபடி சோதித்திருக்கலாமே?

உளியன்:
மறுசோதனை என்றால் பழைய முத்திரையும் புதியதும் சேர்ந்தே கிடக்கும். இங்கே ஒரு தொகுதிதான். காப்புரிமை ஆண்டு 'இதற்கு முன்னால் இல்லை' என்பதை மட்டும் சொல்லும், எப்போது கைவிட்டார்கள் என்பதைச் சொல்லாது. பெரிய துளையில் கனத்த மருந்தைத் தாங்கும் பிடி என்பதால் ஜோன்ஸ் நெம்புகோலை 12 போரில் விட்ட பிறகும் வெகுநாள் வைத்திருந்தார்கள். பழைய அம்சத்தைப் பார்த்துக் காலம் சொல்லாதீர்கள், இருப்பதிலேயே புதியதைப் பாருங்கள். சோக் பரவியதே 1870களின் நடுவில்தான்; அது ஒன்றே 1860களை அடித்துவிடும்.

நாரை70:
'லண்டன்' என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லை. பர்மிங்ஹாம் பட்டறைகள் கடைக்காரர் கேட்டதைப் பொறித்தன. பெல்ஜியத்து மலிவுச் சரக்கிலும் 'லண்டன்' இருக்கும், அடியில் பார்த்தால் நீள்வட்டத்துக்குள் லீயேஜ் நகரச் சோதனைச் சாலையின் ஈ.எல்.ஜி. முழுப் பெயரும் தெருவும் இருந்தால் கதை வேறு: லண்டன் துப்பாக்கிக்காரர் பர்டியின் துப்பாக்கியில் ஆக்ஸ்ஃபோர்ட் தெரு 314½ என்றிருந்தால் 1880களின் தொடக்கத்தில் கடை இடம் மாறுவதற்கு முந்தையது என்று அதிலேயே தெரியும். பூட்டுத் தகட்டின் உள்பக்கம் பூட்டுச் செய்தவர் எழுத்து இருக்கலாம். ஆனால் திருகாணி வெட்டு மெல்லியது, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுப் பிய்த்துவிடாதீர்கள்.

வாங்கும் முன் இன்னொன்று. குழலைக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் ஈயப் பற்று சரி. 'கர்' என்று செத்த ஓசை வந்தால் நடுப்பட்டி எங்கோ விட்டிருக்கிறது. வரி உண்மையான டமாஸ்கஸா (இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த குழலில் வருவது), மேலே தீட்டியதா என்பதை முன்கட்டைக்கு அடியில் பாருங்கள், தீட்டியவர்கள் அங்கே பெரும்பாலும் கை வைப்பதில்லை. புகையில்லா மருந்துச் சோதனைக்கான முத்திரை எதுவும் இல்லாததால் இது கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழல். அதையும் சுவர்த் தடிமன் அளந்து மறுசோதனைக்கு அனுப்பாமல் சுடக்கூடாது.