ஏழாவது கேள்வி

குழு: ஆச்சி வீடு

பெரியப்பா: மாப்பிள்ளை, எல்லோரும் நல்லபடியாக ஊர் சேர்ந்தீர்களா? நேற்றைய வினாடி வினாவில் ஏழாவது கேள்வி சரியில்லை. ‘நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் எந்த ஆண்டு வந்தது?’ பேத்தி 1969 என்று எழுதினாள். அடித்துவிட்டீர்கள்.

மதுரை மாமா: விடை 1967, மச்சான். பேரறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது.

சித்தி: என் வெண்கலப் பானையை யார் எடுத்துப் போனது?

பெரியப்பா: 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது தீர்மானம். மாநிலத்தின் பெயரை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அது 1968இல் வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1969 ஜனவரி 14. அதுவரை சட்டப்படி மெட்ராஸ் மாநிலம்தான். நிச்சயதார்த்த நாளைக் கல்யாண நாள் என்று யாராவது சொல்வார்களா?

மதுரை மாமா: அரசே ஜூலை 18ஐத்தான் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுகிறது.

விருதுநகர் சித்தப்பா: அந்தப் பெயருக்காக எங்கள் ஊர்ச் சங்கரலிங்கனார் உண்ணாமல் கிடந்து உயிரை விட்டது 1956இல். அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

சித்தி: பானை?

அக்கா: விடுங்கள் அப்பா. பாப்பா அழுதுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

பெரியப்பா: அதனால்தான் விட முடியவில்லை. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வெள்ளி நாணயம் போயிற்று. அதுவும் கேள்வி தயாரித்தவர் பிள்ளைக்கு.

மதுரை மாமா: அந்த வார்த்தை வேண்டாம் மச்சான். ஒரு கேள்வியைக்கூட அவனிடம் காட்டவில்லை.

அத்தை: அண்ணா, என் பிள்ளை படித்துத்தான் எழுதினான். ஆனால் இவர் கேள்வி தவறுதான். போன பொங்கலுக்குத் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் யார் என்று கேட்டார். ஜானகி என்று எழுதினேன். ஜெயலலிதா என்று சொல்லி எனக்கு மதிப்பெண் தரவில்லை. 1988 ஜனவரியில் ஜானகி அம்மாள் முதல்வர். ஒரு மாதம் நிறையாவிட்டாலும் முதல்வர் முதல்வர்தானே?

மதுரை மாமா: அது இப்போது எதற்கு?

அத்தை: ஓர் ஆண்டாகக் கேட்கிறேன்.

பெரியப்பா: பிள்ளையைச் சேர்த்துப் பேசியது என் தவறு, தங்கச்சி. கேள்வியைத்தான் சொல்கிறேன்.

மதுரை மாமா: சரி, 1969க்கும் மதிப்பெண் தருகிறேன். இருவரும் சமம்.

பெரியப்பா: அப்படியானால் 1967க்கு?

மதுரை மாமா: அதை எடுக்க மாட்டேன்.

விருதுநகர் சித்தப்பா: இன்னொரு கேள்வி கேட்டு முடிவு செய்யலாம்.

பெரியப்பா: முதலில் எனக்கு அனுப்புங்கள். சரிபார்த்துத் தருகிறேன்.

மதுரை மாமா: போட்டியில் உங்கள் பேத்தி இருக்கும்போது உங்களுக்கு எப்படி அனுப்புவது?

அக்கா: நாணயம் ஞாயிறு வரை தன் பீரோவிலேயே இருக்கட்டும் என்று ஆச்சி சொல்கிறார்.

அத்தை: பானை எங்கள் காரில் இருக்கிறது.