எங்கட குடும்பம் (கொட்டாஞ்சேனை + வெள்ளவத்தை)

சுகந்தி சின்னம்மா: தர்ஷி வேலை செய்கிற காமன்ட் உடுப்புத் தொழிற்சாலையை மூடப் போகிறார்களாம். உண்மையா? திங்கள் அவளின் கல்யாண ஹோலுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

கலா மாமி: எனக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் சொன்னது.

தர்ஷி: முழுக்க இல்லை சின்னம்மா. எங்கள் தையல் லைனையும் அடுத்த லைனையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஓவர்லொக் மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தாயிற்று. ஒரு கடிதம் தந்து வெள்ளிக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்.

நிரோஷன்: எந்த நாடு?

தர்ஷி: பங்களாதேஷ் என்று சுப்பவைசர் சொல்கிறார்.

ராசன் பெரியப்பா: பிள்ளை, கையெழுத்துப் போடாதே. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில், ஆளின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் இப்படி நிறுத்த முடியாது. நம் இலங்கையின் 1971ஆம் ஆண்டுச் சட்டம். சுயவிருப்பில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் போச்சு.

சுகந்தி சின்னம்மா: கேட்டாயா தர்ஷி.

கலா மாமி: ஹோல் ஏ.சி. ஹோலா?

நிரோஷன்: அங்கே சம்பளம் குறைவு, கொம்பனி போகத்தானே செய்யும். நமக்கும் இப்படி வந்த வேலைதானே.

ராசன் பெரியப்பா: வந்ததுதான் தம்பி. 1974இலிருந்து அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டுக்கும் உடுப்புக் கோட்டா வைத்தன, இவ்வளவுதான் அனுப்பலாம் என்று. ஹொங்கொங்காரர்களின் கோட்டா நிரம்ப, கோட்டா மிச்சம் இருந்த நம்மிடம் வந்தார்கள். 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழிற்சாலை வலயமும் திறந்தது. வேலை விட்டுப் போன பக்கம் என்ன ஆனது? அமெரிக்காவில் 1979இல் ஏறத்தாழ 195 இலட்சம் பேர் உற்பத்தித் தொழிலில் இருந்தார்கள். 2010இல் 115 இலட்சம். இயந்திரமும் ஒரு காரணம், முழுப் பழியையும் இடமாற்றத்தில் போட மாட்டேன். ஆனால் 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு சரிந்த வேகம் பயங்கரம். வட கரோலினாவில் கன்னாபொலிஸ் என்று ஓர் ஊர். துவாய், படுக்கை விரிப்பு மில்லை நம்பியே வளர்ந்தது. 2003 ஜூலையில் மில் மூடி, அந்த வட்டாரத்தில் 4000 பேருக்கு மேல் ஒரே அடியாக வேலை இழந்தார்கள். மலிந்த துவாய் நாடு முழுக்கப் போனது, நட்டம் அந்த ஊரில் இறங்கியது. மொத்தக் கணக்கில் நாட்டுக்கு இலாபம் என்று காட்டலாம். அதில் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது?

கலா மாமி: ராசன் அண்ணா, ஹோலுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

சிவா அத்தான் ரொறன்ரோ: தர்ஷியை இங்கே அனுப்பப் பாருங்கள். அங்கே இருந்து என்ன?

ராசன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுகந்தி சின்னம்மா: வாசித்துவிட்டேன் அண்ணா. வீடு விற்ற கதை இப்போது வேண்டாம்.

சிவா அத்தான் ரொறன்ரோ: நானும்தான் வாசித்தேன்.

தர்ஷி: பெட்டி சப்ளை செய்கிறவர் இன்று வந்து நின்றார். போர்டிங் அக்காவுக்கு இரண்டு அறை காலியாகிறது. சாப்பாட்டுப் பார்சல் அம்மா நாளைக்கு எத்தனை என்று கேட்டார், யாராலும் சொல்ல முடியவில்லை.

ராசன் பெரியப்பா: இதைத்தான் சொல்கிறேன். தைக்கிற பிள்ளைகளையாவது எண்ணுவார்கள். பார்சல் அம்மாவை யார் எண்ணுவது? நம் சரக்கு ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உடுப்பு. நம் பெரிய கொம்பனிகளே பங்களாதேஷிலும் ஜோர்தானிலும் தைக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. போகிறவன் இங்கே உழைத்தவளுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுப் போகட்டும். எத்தனை வருடம் பிள்ளை?

தர்ஷி: ஏழு முடிந்தது.

ராசன் பெரியப்பா: ஐந்து தாண்டியதால் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். சேமலாப நிதி வேறு, இழப்பீடு வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள், விடாதே.

நிரோஷன்: கடிதத்தைப் படம் எடுத்துப் போடு தர்ஷி. தொழில் திணைக்களத்துக்கு நான் கூட வருகிறேன்.

தர்ஷி: சரி அண்ணா. சாப்பாட்டு நேரத்தில் போடுகிறேன். மற்றப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

கலா மாமி: கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளலாமே?

சுகந்தி சின்னம்மா: மாப்பிள்ளை வீட்டில் யார் சொல்வது? அட்வான்ஸில் பாதி வாங்குவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

சிவா அத்தான் ரொறன்ரோ: மற்றப் பாதி நான் அனுப்புகிறேன்.

ராசன் பெரியப்பா: அதைப் பிறகு பேசுவோம்.

கலா மாமி: ஏ.சி. ஹோலா இல்லையா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.