அணுமின் நிலையத்தில் அவசர இயந்திரங்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்? அதை யார் தீர்மானிப்பது?

உவர்மலை வாசி:
இலங்கையில், திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு அணுமின் பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறேன். ஓர் இடத்தில் முட்டுகிறது. அவசர டீசல் ஜெனரேற்றர், பம்பி, பற்றரி எல்லாம் வருடக்கணக்காகச் சும்மா நிற்கிற சாமான்கள். அடிக்கடி ஓட்டிப் பார்த்தால் நல்லதுதானே? ஆனால் அமெரிக்க விதிகளில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, குறித்த நாளுக்கு மேல் 25 சதவீதம் பிந்தலாமாம். இது கம்பனிக்காரருக்குக் கொடுத்த சலுகையா? ஒரு சோதனை தவறிப்போனால் உலையை நிறுத்த வேண்டுமா?

சீனக்குடா:
அடிக்கடி ஓட்டினால் நல்லது என்பது ஓர் எல்லை வரைக்கும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிற்கிற இயந்திரம் பழுதானால் அடுத்த சோதனை வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. ஆக, சராசரியாக இடைவெளியின் பாதிக்காலம் அது செத்த சாமானாகக் கிடக்கும். உதாரணத்துக்கு, பழுது வரும் வேகம் மணித்தியாலத்துக்கு ஒரு லட்சத்தில் ஒன்று என்று வையுங்கள். மாதம் ஒருமுறை, அதாவது 720 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் இயங்காமல் போகும் வாய்ப்பு 0.0036. கிழமைக்கு ஒருமுறை என்றால் 0.0008. இதுவரை நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் சோதனைக்காக அதை ஒவ்வொரு தடவையும் 4 மணித்தியாலம் சேவையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால்? கிழமைச் சோதனையில் 168 இல் 4 மணித்தியாலம் போகிறது, அது மட்டுமே 0.024. மாதச் சோதனையில் 0.0056. இரண்டையும் கூட்டினால் கிழமைக்கு 0.025, மாதத்துக்கு 0.009, மூன்று மாதத்துக்கு 0.013. இந்த எண்களுக்கு மிகக் குறைவான இடம் ஏறத்தாழ 37 நாளில் வருகிறது. மாதம் ஒருமுறை என்ற வழக்கம் வானத்திலிருந்து விழவில்லை.

தேய்மானம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவேயில்லை. எண்ணெய் வடிந்து கிடக்கும் பெயரிங்குகளோடு குளிர்ந்த எஞ்சினை 10 செக்கனுக்குள் முழு வேகத்துக்கு ஏற்றுவது அதை அடித்துக் கொல்வது மாதிரி. 1984 இலேயே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு இப்படிப்பட்ட குளிர் ஸ்ராட்டுகளைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. இன்றைய பொதுவான ஒழுங்கு இதுதான்: 31 நாளுக்கு ஒருமுறை, முன்கூட்டியே எண்ணெய் ஏற்றி மெதுவாக ஸ்ராட் பண்ணி, 90 முதல் 100 சதவீதச் சுமையில் குறைந்தது 60 நிமிடம் ஓட்டுவது. 10 செக்கன் ஸ்ராட் 184 நாளுக்கு ஒருமுறை. சுமையில்லாமல் ஓட்டிவிட்டு 'ஓடுது' என்று எழுதிவிடக் கூடாது. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும்.

இரண்டு ஜெனரேற்றர் இருந்தால் ஒரே நாளில் சோதிக்காதீர்கள். பாதி இடைவெளி தள்ளி மாறிமாறிச் சோதித்தால், தனித்தனியாக வரும் பழுதுகளால் இரண்டும் ஒன்றாகச் செத்துக் கிடக்கும் வாய்ப்பு எட்டில் மூன்று பங்கு குறைகிறது. ஒரே ஆள் ஒரே பிழையை இரண்டிலும் விடுவதும் குறையும். என்னைக் கேட்டால் இரண்டாவது காரணம்தான் பெரிது.

கொட்டியாரக் கரை:
25 சதவீதத்துக்கு வருகிறேன். 31 நாள் சோதனையை 38.75 நாள் வரை செய்யலாம், அவ்வளவுதான். மற்ற ஜெனரேற்றர் திருத்தத்தில் இருக்கும்போது, அல்லது மின் வலையமைப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது, நாள் வந்துவிட்டது என்பதற்காக இதையும் வலையமைப்போடு இணைத்து ஓட்டினால் ஆபத்துத்தான் கூடும். அந்தக் கட்டாயத்தைத் தவிர்க்கத்தான் இந்தத் தளர்வு. அடுத்தடுத்த மூன்று இடைவெளி சேர்ந்து குறித்த ஒரு இடைவெளியின் 3.25 மடங்கைத் தாண்டக்கூடாது என்று முன்பு ஒரு பூட்டும் இருந்தது. 1989 இல் அதை எடுத்துவிட்டார்கள். வைத்திருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பூட்டு இல்லாவிட்டால் 31 நாள் என்பது மெல்ல மெல்ல 38 நாள் ஆகிவிடும்.

தவறிப்போன சோதனை வேறு விஷயம். தவறியது தெரியவந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம், அல்லது அந்தச் சோதனையின் இடைவெளி, எது கூடவோ அவ்வளவு காலம் கிடைக்கும். 24 மணித்தியாலத்தைத் தாண்டினால் ஆபத்து மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். உலையை உடனே நிறுத்தச் சொல்வதில்லை, ஏனென்றால் நிறுத்துவதும் நிலையத்துக்கு ஒரு உலுக்கல். ஆனால் அந்தச் சோதனையில் இயந்திரம் தோற்றால் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கும். ஒரு ஜெனரேற்றர் இல்லையென்றால் அதைத் திருத்தப் பல நிலையங்களில் 72 மணித்தியாலம். திருத்த முடியாவிட்டால், அழுத்த நீர் உலையானால் (தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை) 6 மணித்தியாலத்தில் உலையை அணைத்துச் சூடான காத்திருப்பு நிலை, 36 மணித்தியாலத்தில் குளிர் நிறுத்தம், அதாவது உலைத் தண்ணீர் கொதிநிலைக்குக் கீழே ஆறிய நிலை.

நிலாவெளிக் காற்று:
எல்லாரும் நாளையே எண்ணுகிறீர்கள். சோதனை எதை நிரூபிக்கிறது என்பதையும் ஒழுங்குபடுத்துபவர் பார்க்க வேண்டும்.

1983 பெப்ரவரி 25, அமெரிக்காவின் சேலம் நிலையம். உலையைத் தானாக நிறுத்தும் சமிக்ஞை வந்தது, மின்னைத் துண்டித்து உலையை அணைக்க வேண்டிய இரண்டு பிறேக்கர்களும் திறக்கவில்லை. பிறேக்கரைத் திறக்க இரண்டு வழி இருந்தது: மின்னழுத்தம் விழுந்தால் விடுவிக்கும் சுருள் ஒன்று, மின் கொடுத்தால் தட்டிவிடும் சுருள் மற்றது. தானியங்கிச் சமிக்ஞை முதலாவதுக்கு மட்டும் போனது. கையால் அழுத்தும் பொத்தான் இரண்டுக்கும் போனது. ஊழியர் அரை நிமிடத்துக்குள் கையால் நிறுத்தினார். மூன்று நாள் முன்னரும் இதேதான் நடந்திருக்கிறது, ஆனால் அப்போதும் கையால் நிறுத்தியதால் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு சுருளையும் சேர்த்துச் சோதித்தால் ஒன்று செத்திருப்பது எந்தக் காலத்திலும் தெரியாது. தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, சோதனைக்கு முன் தடவிக் கொடுப்பது. வால்வின் தண்டுக்குக் கிறீஸ் பூசி, இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, பிறகு நேரம் எடுத்தால் அது கிடந்த நிலையைக் காட்டாது. கண்டபடியே முதலில் சோதித்து எழுத வேண்டும், பராமரிப்பு அதற்குப் பிறகு. அட்டவணையில் கிறீஸ் வேலையைச் சோதனைக்கு முதல் நாள் போட்டிருந்தால் அந்த அட்டவணையே பிழை.

சோதித்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் உண்டு. 1979 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலைய விபத்தில், நீராவி உண்டாக்கும் கலன்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் அவசர ஊட்டநீர்க் குழாய்களின் இரண்டு தடுப்பு வால்வுகளும் மூடிக் கிடந்தன, கண்டுபிடிக்க 8 நிமிடம் போனது. அந்த அமைப்பை இரண்டு நாள் முன்னர்தான் சோதித்திருந்தார்கள். ஆகவே சோதனைத் தாளின் கடைசிப் பக்கம்தான் முக்கியம்: எந்த வால்வு எந்த நிலையில், பூட்டு போட்டதா, தற்காலிக வயர் கழற்றியதா என்று இரண்டாவது ஆள், முதல் ஆளோடு சேர்ந்து நடக்காமல், தனியாகப் போய்ப் பார்த்து ஒப்பமிட வேண்டும்.

உவர்மலை வாசி:
நன்றி, மூவருக்கும். இடைவெளியை மாற்றும் அதிகாரம் யாருக்கு? நம் நாட்டில் இதற்கு ஆள் இருக்கிறதா? இன்னொன்று: சோதனையில் ஜெனரேற்றர் ஸ்ராட் ஆகவில்லை, திருத்தி மறுபடி ஓட்டினால் சரி. அது தேறியதாகக் கணக்கா?

கொட்டியாரக் கரை:
2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் இங்கே அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தல் பேரவையையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிலையம் ஒன்று வந்தால் இடைவெளிகளை அங்கீகரிக்க வேண்டியது இரண்டாவது அமைப்பு. கூடங்குளம் போன்ற இந்திய நிலையங்களில் இயக்க வரம்புகளுக்கான ஆவணத்துக்கு அங்கீகாரம் கொடுப்பது அவர்களுடைய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அமெரிக்காவில் இப்போது பல நிலையங்களில் என்ன சோதிப்பது என்பது உரிமத்தில் இருக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அங்கீகரித்த முறைப்படி நிலையமே மாற்றலாம். அது பல பத்தாண்டுப் பழுதுப் பதிவு கையில் உள்ளவர்களுக்குச் சரி. புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு வேண்டாம் என்பேன்.

சீனக்குடா:
ஸ்ராட் ஆகாதது தோல்வி என்றே பதிவில் நிற்கும், பிறகு ஓடினது அதை அழிக்காது. அதோடு 24 மணித்தியாலத்துக்குள் மற்ற ஜெனரேற்றருக்கும் அதே நோய் இல்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதை ஸ்ராட் பண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஸ்ராட் பண்ணும் அழுத்தக் காற்றுத் தாங்கியில் தண்ணீர் நின்று வால்வில் துரு ஏறியிருந்தால், நம்மூர் மாதிரி உப்புக்காற்றில், பக்கத்துத் தாங்கியிலும் அதே துரு இருக்கும். முதலில் வடிகால் வால்வைத் திறந்து வருவதைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள்.