பழைய டாமியா பக்கி: நகர ஆரம்பித்ததும் ஸ்டீயரிங் துடிக்கிறது, உதவி தேவை

பரண்வண்டி:
வணக்கம். மாமா சின்ன வயதில் ஓட்டிய 1984 டாமியா பக்கியை, அதாவது ரிமோட்டில் ஓடும் சின்ன காரை, மறுபடி ஓட வைக்கப் பார்க்கிறேன். முழுக்கப் பிரித்துக் கழுவி, கியருக்குப் புது கிரீஸ் வைத்து, மோட்டாரையும் மாற்றிவிட்டேன். வண்டி நகர ஆரம்பித்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் தானாக இடமும் வலமும் துடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், அதற்குள் ஓட வேண்டும். என்ன செய்யலாம்?

சேறும்மண்ணும்:
எந்த பக்கி? 1984இல் கிராஸ்ஹாப்பரும் வந்தது, ஹார்னெட்டும் வந்தது. அடிச்சட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முதலாவதில் 380 அளவு மோட்டார், இரண்டாவதில் அதைவிடப் பெரிய 540. ரிமோட் பழைய 27 மெகாஹெர்ட்ஸா, இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸா? வண்டிக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குத் தனி பேட்டரியா, மெயின் பேட்டரியிலிருந்தே போகிறதா? நிற்கும்போது ஸ்டீயரிங் எப்படி? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

வோல்ட்மீட்டர்:
பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் நிறைய கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சட்டென்று விழும், ரிசீவர் தடுமாறும். பழைய நிக்கல் காட்மியம் பேக்கைத் தூக்கிவிட்டு 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடுங்கள்.

நாலாம்சேனல்:
ரிமோட்டிலும் ரிசீவரிலும் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைப் பாருங்கள். ரிசீவர் கிரிஸ்டல் ரிமோட்டில் இருப்பதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்க வேண்டும். ரிமோட்டில் 27.145 என்றால் ரிசீவரில் 26.690. கழுவும்போது கழற்றி இடம் மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

மூத்தசக்கரம்:
தம்பி, கழுவி கிரீஸ் வைப்பதற்குப் பெயர் மீட்டெடுப்பு இல்லை. வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்கிறீர்கள். பெட்டி இருந்தால் எண்ணைப் பாருங்கள். ஹார்னெட்டில் 58045 என்றால் அசல், 58336 என்றால் 2004இல் வந்த மறுவெளியீடு. அசல் என்றால் அதில் கண்ட மோட்டாரையும் போடக்கூடாது. இதையெல்லாம் இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

சேறும்மண்ணும்:
புதிதாக வருபவரை இப்படி விரட்டினால் இந்தப் பொழுதுபோக்குக்கு யார் மிஞ்சுவார்கள், சார்? பரண்வண்டி, நீங்கள் விவரத்தைச் சொல்லுங்கள்.

பரண்வண்டி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கருப்பு பாடி, ஹார்னெட். பெட்டி இல்லை. ரிமோட் பழையது, இழுத்து நீட்டும் ஏரியல். ரிசீவருக்குத் தனியாக நான்கு பென்சில் செல், புதுசு. வேகத்துக்கு சர்வோ (ரிமோட் சொன்னபடி அசையும் சின்ன மோட்டார்) தள்ளும் பழைய சுவிட்ச்தான். நின்றால் ஸ்டீயரிங் நன்றாக இருக்கிறது. மோட்டார் கடையில் வாங்கிய சாதாரண 540.

ஈயக்கம்பி:
இப்போது விஷயம் தெளிவு. நிற்கும்போது ஸ்டீயரிங் சரியாகக் கேட்கிறது என்றால் கிரிஸ்டல் ஜோடி சரி. ரிசீவருக்குத் தனி செல் இருப்பதால் மெயின் பேட்டரி வோல்டேஜ் விழுந்தாலும் ரிசீவரைப் பாதிக்காது. கழற்றிய பழைய மோட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனைகளிலும் தகர உடம்பிலும் சின்ன வட்டமாக ஏதாவது ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறதா? அவை கெபாசிட்டர்கள். கார்பன் பிரஷ் சுழலும்போது தெறிக்கும் தீப்பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பழைய ஏஎம் (ரேடியோவில் வருகிற அதே ஏஎம் முறை) ரிசீவருக்கு அந்த இரைச்சலும் சிக்னல் மாதிரியே கேட்கும். அதை மோட்டாரிலேயே அடக்கத்தான் கெபாசிட்டர். நீங்கள் வாங்கியது அது இல்லாத வெறும் மோட்டாராக இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைத் தூக்கி ஒரு டப்பா மேல் வைத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு முடுக்குங்கள். துடிப்பு நின்றால் குற்றவாளி மோட்டார். நிற்காவிட்டால் சர்வோவையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும்.

மோட்டார்தான் என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மூன்று வேண்டும், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே. மற்ற இரண்டும் முனைக்கு ஒன்றாக மோட்டாரின் உடம்புக்கு. கால்களைக் கட்டையாக வெட்டுங்கள், நீளமாக விட்டால் பலன் குறையும். தகரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்காவிட்டால் ஈயம் பிடிக்காது. சூடான இரும்பால் சட்டென்று முடித்துவிடுங்கள், அழுத்திக்கொண்டே இருந்தால் முனைகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும்.

நாலாம்சேனல்:
ரிசீவர் ஏரியல் வயரையும் கவனியுங்கள். நீளமாக இருக்கிறதே என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டக்கூடாது, மோட்டார் வயரோடு சேர்த்துச் சுற்றவும் கூடாது.

வோல்ட்மீட்டர்:
இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய சுவிட்சையும் சர்வோவையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர், 2.4 ரிமோட், லிப்போ போட்டால் தீர்ந்தது. அந்தச் சுவிட்ச் மெதுவாக ஓட்டும்போது பாதி சக்தியை ரெசிஸ்டரில் சூடாக வீணாக்குகிறது.

மூத்தசக்கரம்:
அதைப் போட்டபின் மிஞ்சுவது ஹார்னெட்டின் தோல் மட்டும். ஒவ்வொரு படியாக வேகம் ஏறுவதும், சுவிட்ச் தட்டும் சத்தமும் சேர்ந்ததுதான் அந்த வண்டி. செம்புத் தகட்டில் களிம்பு பிடித்திருந்தால் துடைத்தாலே போதும்.

வோல்ட்மீட்டர்:
அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது சரி. ஓட்டுபவர்களுக்கு?

சேறும்மண்ணும்:
நானும் ஓட்டுபவன்தான். எலக்ட்ரானிக் போட்டால் தவறில்லை, கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்து எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்ட முடிந்தால் சரி. சட்டத்தில் புதுத் துளை மட்டும் போடாதீர்கள். ஆனால் பழைய சுவிட்சோடு லிப்போ மாட்டச் சொல்வது ஆபத்து. வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்த அந்தச் சுவிட்சில் எதுவும் கிடையாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும், அதை மறுபடி சார்ஜ் போட்டால் வீங்கி நெருப்புப் பிடிக்கவும் கூடும்.

வோல்ட்மீட்டர்:
லிப்போவில் அலாரம் மாட்டினால் போதுமே.

ஈயக்கம்பி:
பக்கி முப்பது மீட்டர் தள்ளிப் புழுதியில் ஓடும்போது அந்த அலாரம் காதில் விழாது. 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் இந்த வண்டிக்குத் தாராளம். தயவுசெய்து லிப்போ சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு ஞாயிறு வரைதான் நேரம்.

மூத்தசக்கரம்:
பேட்டரி விஷயத்தில் ஈயக்கம்பி சொல்வது சரி. தம்பி, அந்தப் பழைய மோட்டாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரஷ் தேய்ந்திருந்தாலும் அது அந்த வண்டியோடு வந்தது.

பரண்வண்டி:
வயரைக் கழற்றியதும் துடிப்பு நின்றது. பழைய மோட்டாரில் வட்டமாக மூன்று இருந்தன. அதே மாதிரி 104 மூன்று வாங்கி வைத்தேன், இப்போது நேராக ஓடுகிறது. நன்றி அண்ணா.

நாலாம்சேனல்:
அருமை. ரிமோட் ஏரியலை நீட்டாமல் எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பாடியின் படம் ஒன்று போடுங்களேன், ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறதா?

களிமண்தரை:
இதே துடிப்பு என் டாமியா ஃப்ராக் பக்கியிலும் இருக்கிறது. ஆனால் அது நிற்கும்போதும் துடிக்கிறது. ரிமோட்டை அணைத்தாலும் நிற்கவில்லை. இதுவும் கெபாசிட்டரா?

ஈயக்கம்பி:
இல்லை, அது வேறு கதை. பழைய ஏஎம் ரிசீவர் என்றால் ரிமோட் அணைந்திருக்கும்போது கண்ட சிக்னலுக்கும் ஆடும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ரிமோட்டை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வண்டியைப் போடுங்கள். அப்போதும் துடித்தால் சர்வோவைத் திறந்து உள்ளே சர்வோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் பொட்டன்ஷியோமீட்டரைத் துடைக்க வேண்டும். தனி இழை போடுங்கள். எந்த ஃப்ராக், எந்த ரிமோட், ரிசீவருக்கு எந்த பேட்டரி என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.