புதுப்பிப்பு: தினசரி பைக் பயணத்துக்கான பூட்ஸ், மூன்று மாதம் போட்ட பிறகு

தினமும் வேலைக்குப் போக உயரமான பூட்ஸ் வாங்குவதா, கணுக்கால் மூடும் குட்டை பூட்ஸ் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். குட்டையைத்தான் வாங்கினேன்.

முடிவெடுக்க உதவியது உள்ளே இருந்த லேபிள். ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தரக் குறியீட்டோடு நான்கு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. உயரம், உராய்வு, வெட்டு, கடைசியாகப் பக்கவாட்டில் நசுங்காமல் தாங்கும் விறைப்பு என்ற வரிசையில். உயரத்துக்கு 1 இருந்தால் பரவாயில்லை என்று விட்டேன், ஆனால் கடைசி எண் 2 இல்லாத ஜோடியை எடுக்கவே இல்லை, ஏனென்றால் வண்டி சாய்ந்து காலின் மேல் விழுந்தால் பாதத்தைக் காப்பது அதுதான். கணுக்காலில் அடி தாங்கும் பட்டை சோதிக்கப்பட்டிருந்தால் ஐபிஏ என்று தனியாகப் போட்டிருக்கும். அது கட்டாயமில்லை, அதனால் தேடிப் பாருங்கள்.

அப்புறம் கியர் லீவர். முன்பகுதி தடிமனாக இருந்ததால் முதல் வாரம் கால் லீவருக்கு அடியில் நுழையவே சிரமப்பட்டது, லீவரைக் கொஞ்சம் மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது. லேஸ் வைத்ததென்றால் முடிச்சை உள்ளே செருகிவிடுங்கள், எங்காவது மாட்டினால் நிறுத்தும்போது கால் ஊன்ற முடியாது. நாள் முழுக்க நடக்கவும் முடிகிறது. வெயிலில் வியர்க்கிறது, அதற்கு இன்னொரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கிறது.