டைனோசரும்தான் அழிந்தது, இப்போது என்ன?

அடையாறு கணக்கன்:
"உயிரினங்களின் ஆறாவது பேரழிவு நடக்கிறது, காரணம் மனிதன்" என்று இங்கே எழுதுபவர்களுக்கு ஒரு கேள்வி. 6.6 கோடி வருடத்துக்கு முன் டைனோசர் போனது, அதற்கும் முன்னால் நான்கு முறை பெரிய அழிவு நடந்தது. அப்போதெல்லாம் மனிதனா இருந்தான்? 1500க்குப் பிறகு அழிந்ததாகப் பதிவானவை ஆயிரம் இனம்கூட இல்லை.

வேளச்சேரிக்காரன்:
சார், "பதிவானவை" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தவளையையும் நத்தையையும் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? சரி, எண்ணிக்கையை விடுங்கள், பாறுக் கழுகைப் பாருங்கள். மாட்டுக்கு வலி தெரியாமலிருக்க டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டது, பதினைந்தே வருடத்தில் வெண்முதுகுப் பாறில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது காலி. காரணம் புரிந்து மருந்தைத் தடை செய்தபோது 2006. டைனோசருக்கு விழுந்த மாதிரி எரிகல் எல்லாம் தேவைப்படவில்லை.

அடையாறு கணக்கன்:
அழியவில்லையே, நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கிறது. செல்போன் டவரால் சிட்டுக்குருவி போச்சு என்றும் சொன்னீர்கள், எங்கள் தெருவில் காலையில் தூங்க விடுவதில்லை.

வேளச்சேரிக்காரன்:
டவர் கதை வாட்ஸ்அப் சரக்கு, அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் கடைசி ஒன்று சாகும்வரை "அழியவில்லையே" என்றுதானே சொல்வீர்கள்? சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துவிட்டது என்று 1952இல் கைகழுவிவிட்டு, 2022இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தோம்.

காசிமேட்டுப் பையன்:
அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் நம்ம கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) செத்து ஒதுங்கியதே, எல்லோரும் எங்கள் வலையைத்தான் காட்டினீர்கள். விசைப்படகு வலையில் மாட்டினால் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் சாகும், உண்மைதான், கரையிலிருந்து அஞ்சு கடல் மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்று தெரிந்தே இழுக்கிறவர்களும் உண்டு. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பில் பெரும்பகுதியை நிரப்பிக் கட்டடம் எழுப்பியது நாங்களா? வேளச்சேரி அண்ணே, உங்கள் வீடு எந்த ஏரிக்குள் இருக்கிறது?

வேளச்சேரிக்காரன்:
நியாயம்தான் தம்பி. 2015 மழையில் இடுப்பளவு தண்ணீர் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனது. வீட்டை விற்கவில்லை, இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

காசிமேட்டுப் பையன்:
அப்போ இதைச் சொல்லுங்க. ஆமை தப்பிக்கிற கருவியை வலையில் மாட்டினால் கூடவே கொஞ்சம் மீனும் போய்விடும் என்று அப்பா தயங்குகிறார். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவீர்களா?

அடையாறு கணக்கன்:
வஞ்சிரம் விற்கிற விலைக்கு இதற்கு மேலேயா?