லூ குரோசா பத்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

தோட்டத்துப் பையன்: அண்ணன்மாரே, இங்க சுங்கை சிப்புட்ல திடல்ல பிள்ளைங்களுக்கு பந்து உதைக்க கத்துக்குடுக்குறேன், அமெரிக்கன் ஃபுட்பால்ல அந்தக் காலத்து கிக்கருங்க நேரா ஓடியாந்து கால் நுனியாலதான் உதைப்பாங்களாமே, லூ குரோசான்னு ஒரு பேரு வருது, யாரு அவரு?

பெரியண்ணன்: ஒஹாயோக்காரரு தம்பி, 1924ல பொறந்தவரு. போர் சமயத்துல ஒக்கினாவாவுல இருந்தாரு, கோச் பால் பிரவுன் அங்கயே பந்து அனுப்பி வச்சு பழகச் சொன்னாரு. 1946ல கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் டீம்ல சேந்தாரு. 1950 ஃபைனல்ல கடைசி அரை நிமிசத்துல 16 கஜத்துலேர்ந்து உதைச்சாரு பாரு, எதிர் டீம் ராம்ஸ் 30-28னு தோத்துட்டாங்க லா!

முனி: டேக்கிளாவும், அதாவது எதிராளிய முட்டித் தடுக்குற ஆளாவும் ஆடுனவரு அவரு. முட்டி மோதி விழுந்து எந்திரிச்சு அதே காலால கோல் போடணும், எனக்கு அதான் பெருசு.

பெரியண்ணன்: ஆமா. 1964ல பீட் கோகோலாக்னு ஒரு கிக்கரு பஃபலோ டீமுக்கு வந்து நம்ம பந்தாட்டம் மாதிரி பக்கவாட்டுல உதைச்சாரு, அப்புறம் நுனிக்கால் பழக்கம் மெல்ல போயிருச்சு. பிள்ளைங்களுக்கு இந்தப் பக்கவாட்டு உதையையே காட்டுப்பா, வெறுங்கால்ல விரலால உதைச்சா நகம் பேந்துரும்.